பள்ளிப் பென்சில்

பள்ளியில் கொடுக்கும் பென்சில் எழுதுகிற கையைப் படித்து, பிள்ளைக்கு என்ன நோய் என்று சொல்லிவிடும். ஐந்து வயதுச் செவ்வந்திக்கு நரம்பு நோய் என்று சொல்லிவிட்டது.

"நோயாளிப் பிள்ளைங்க ஹாஸ்டலுக்கு அனுப்பணும். இனி அங்கதான் வளருவா," என்றார் எஸ்தர் டீச்சர். "வீட்டுல யாராச்சும் கையப் பிடிச்சு எழுத வச்சீங்களா?"

அவள் அப்பா முத்துராஜ் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஆறு மாதமாக அந்தக் கை நடுங்குவது மனைவிக்குக்கூடத் தெரியாது. தினமும் சாயங்காலம் வீட்டில் அந்தக் கையால்தான் மகளின் விரல்களைப் பிடித்து, அதே பள்ளிப் பென்சிலால் 'அ' எழுத வைத்தான். பள்ளியில் சொல்வதெல்லாம் அன்றைக்கே துறைமுகத்துக்கும் போய்விடும். ஆமாம் என்றால் வேலை போயிற்று.

"இல்ல டீச்சர், அவளாத்தான் எழுதுவா. இப்பவே எழுதச் சொல்லிப் பாருங்க."

தனியாக எழுதினால் கோடு சுத்தமாக வரும், பென்சிலே தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் என்று நம்பினான்.

செவ்வந்தி பென்சிலை எடுத்தாள். சுழி போட்டு வளைத்தாள். அப்பா சொல்லிக்கொடுத்ததில் எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, வளைவு முழுக்கக் கையை மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டே வந்தாள்.

பென்சிலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"சரியா ஆட்டுனேனாப்பா?"