சுதா பேர்ல சீட்டு

"தூக்கம் எப்படிம்மா இருக்கு?"

டாக்டரம்மா கேட்டது சுதாவை. பதில் சொன்னது அவ புருஷன் புருஷோத்தமன்.

"மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது டாக்டரம்மா. அப்பால விடியற வரைக்கும் மோட்டுவளையைப் பாத்துக்கினு கெடக்கறதுதான்."

எனக்கு எரிச்சலா வந்துச்சு. மனநல டாக்டர் எங்க ஆஸ்பத்திரிக்கு வாரத்துல ஒரு நாள்தான் வருவாங்க. வெளியில நாப்பது பேர் காத்திருக்காங்க. இந்தாளு போன தடவையும் இப்படித்தான், பொண்டாட்டியை வாயே திறக்க விடல.

"சாப்பாடு?"

"ரெண்டு வாய்க்கு மேல எறங்கல."

"ஏங்க, கேக்கறது அவங்களை," என்றேன். "அவங்களுக்கும் வாய் இருக்கு இல்ல?"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"அவரே சொல்லட்டும் சிஸ்டர்," என்றாள் சுதா.

பாவம், வாயைத் திறந்தா வீட்ல என்ன நடக்குமோன்னு பயப்படறா போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வச்சாங்க. "செத்துடலாம்னு எண்ணம் எதுவும் வருதாம்மா?"

சுதா புருஷனைத் திரும்பிப் பாத்தா.

"போன வாரம் கெணத்து மேடு வரைக்கும் போனது," இப்பவும் புருஷோத்தமன்தான் சொன்னார். "பொழுது சாயற வரைக்கும் உக்காந்துக்கினு இருந்துட்டு, திரும்பி வந்தது."

எனக்கு வந்ததே கோவம். "அவங்க மனசுல இருக்கறது உங்களுக்கு எப்படிங்க தெரியும்? கட்டினவளை இந்த நிலைமைக்குக் கொண்டு வந்துட்டு, பக்கத்துல உக்காந்து கதை சொல்றீங்களா?"

வெளியில இருந்தவங்களுக்கே கேட்டிருக்கும். டாக்டரம்மா கையைக் காட்டி என்னை அடக்கினாங்க.

"ஆறு வாரம் ஆச்சு. இந்த மாத்திரை கேக்கல, வேற மாத்திடலாம். ஆனா இதைத் திடீர்னு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே புதுசை ஆரம்பிக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு ஈசிஜி பாத்துடலாம். சசிரேகா, கூட்டிக்கிட்டுப் போங்க."

சுதாவோட தோளைத் தொட்டேன். அவ எழுந்திருக்கல. புருஷோத்தமன்தான் எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழட்ட ஆரம்பிச்சார்.

"என்ன பண்றீங்க?"

"மாத்திரை போட்டுக்கறது அவருதான் சிஸ்டர்," சுதா மெதுவா சொன்னா. "சீட்டுலதான் என் பேரு."

இவ்வளவு நேரம் அவர் சொன்னதெல்லாம் அவரோட கதை.

டாக்டரம்மா கோவிச்சுக்கல. "அவர் உடம்பைப் பாக்காம நான் எப்படிம்மா மருந்து மாத்தறது? புதுசா அவர் பேர்ல ஒரு சீட்டு போட்டுடலாம்."

"வேணாம் டாக்டரம்மா." புருஷோத்தமன் பொத்தானைத் திரும்பப் போட்டார். "ஏரித் தண்ணி யார் வயலுக்கு எப்பன்னு ஊர்ல நான்தான் சொல்லிக்கினு கீறேன். மெண்டல்னு பேர் வந்துட்டா எவன் கேப்பான்? எனக்கு மருந்தே வேணாம்."

"இங்க எழுதறது வெளியில போகாதுங்க. இந்த ரூம்ல இருக்கறது நானும் சசிரேகாவும்தான்."

சுதா தலையாட்டினா. "போவும் டாக்டரம்மா. என் பேர்ல சீட்டு போட்ட அன்னிக்கே ஊருக்கு வந்துடுச்சு. தண்ணி புடிக்கக் கொழாயாண்ட போனா, பைத்தியம்னு ஒதுங்கிப் போறாளுங்க. எனக்குப் பரவால்ல, நான் தாங்கிப்பேன். அவரு தாங்க மாட்டாரு. யார் வந்து சொன்னாங்கன்னுதான் இன்னும் தெரியல."

எனக்குத் தெரியும். அவங்க முதல் தடவை வந்துட்டுப் போன அன்னிக்கு சாயங்காலம், அவங்க ஊர் வழியா போற சாலவாக்கம் பஸ்ல பக்கத்து சீட்டுப் பொம்பளைகிட்ட, ஊர், பேரோட சொன்னது நான்தான்.