படம் வருதா?

பாகம் பிரித்தபோது கூடத்தின் நடுவே எழுந்த சுவரில் இப்போதுதான் ஒயருக்குத் துளை போட்டிருக்கிறார்கள். மாடியில் ஒரே டிஷ். இரண்டு பக்கமும் டிவி. செங்கல் தூள் வெயிலில் மிதக்கிறது. இந்தப் பக்கம் மூத்தவர், ரிமோட்டும் கையுமாக. அந்தப் பக்கத்து இளையவர் இவரை ‘பக்கத்து வீட்டுக்காரர்’ என்றுதான் வெளியில் சொல்வதாகக் கேள்வி. “படம் வருதா?” டிஷ்ஷை நூலளவு திருப்பிவிட்டு மெக்கானிக் மேலிருந்து கத்துகிறார். “இங்க வந்துடுச்சு!” சுவருக்கு அப்பால் இளையவரின் குரல். “இன்னொரு டிவில?” மூத்தவரின் திரையில் ஒரு முகம் தெளிகிறது. “வந்துடுச்சுப்பா,” என்கிறார். இருமலில் கம்மிய குரல் மாடி ஏறவில்லை. “வரலியா? இன்னும் கொஞ்சம் திருப்பவா?” அப்போது துளைவழியே அந்தக் குரல் மறுபடி கேட்கிறது: “திருப்பாதீங்க! அண்ணனுக்கும் வந்துடுச்சாம்!” மூத்தவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, துளையையே பார்த்தபடி நிற்கிறார்.