ஆளுயர ஸ்பீக்கர்

"ஆள் வந்திருக்கப்போ அடுக்களையில இருந்து உன் பாட்டுச் சத்தம் வரக்கூடாது. என் மானம் போயிடும்," என்றார் மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி சங்கிலிப்பாண்டி.

"போகட்டுமே," என்றாள் அவர் மனைவி பாக்கியலக்ஷ்மி, சாயாவுக்குப் பால் வைத்தபடி.

கப்பலில் வந்த ரிப்பன் ஸ்பீக்கர்கள் இரண்டும், கதவு மாதிரி ஆளுயரத்துக்கு, அடுக்களை வாசலை மறைத்து நின்றன. வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல, தேவராவிலிருந்து ரேடியோ மெக்கானிக் தங்கப்பன் வந்திருந்தார்.

"கண்ணை மூடிக் கேட்டாத்தான் சேட்டா, தரம் தெரியும்," என்றார் தங்கப்பன்.

புது இசைத்தட்டைச் சுழலவிட்டு, இருவரும் கண்ணை மூடினார்கள்.

முதல் பாட்டு முடிந்தது. சற்று இடைவெளி. பிறகு வாத்தியமே இல்லாமல் ஒரு பெண்குரல் விருத்தமாக எழுந்தது. சங்கிலிப்பாண்டிக்குப் புல்லரித்தது, வியர்த்துக் கொட்டியதுகூட உறைக்கவில்லை.

"ஹோ! மூச்சு விடறதுகூடக் கேக்குது. கண்ணை மூடிட்டு வாங்கலாம் சேட்டா!"

"பாடினா இப்படில்லா பாடணும்!" என்று சங்கிலிப்பாண்டி கண்ணைத் திறந்தார்.

ஃபேன் நின்றிருந்தது. இசைத்தட்டும் சுழலவில்லை.

ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து சாயா டம்ளர்களோடு வந்தாள் பாக்கியலக்ஷ்மி.

"கரண்டு போயி பத்து நிமிசமாச்சு. அடுத்த பாட்டை இங்க முன்னாடி நின்னே பாடப்போறேன். கண்ணைத் திறந்துக்கிட்டே கேளுங்க."