வெள்ளிக்கிழமை போன்

வீடில்லாத இளம்பெண்களுக்கான அந்த விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் வார்டன் ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் போன் போட்டு, சமாதானம் பேசிப் பார்க்க வேண்டும்.

அம்மாவோடு சண்டை என்று சொல்லி வந்து சேர்ந்திருந்தாள் கடைசிக் கட்டில் பெண். அவள் கொடுத்த எண்ணில், ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்ற பதிவுக் குரல் மட்டுமே வந்தது.

அதை எப்படிச் சொல்வது? கதவோரம் நின்று வார்டனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

“அம்மாதான். நீ சாப்பிட்டியான்னு கேட்டாங்க” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள் வார்டன்.

“அப்புறம்க்கா?”

“ஈரத் தலையோட தூங்காதேன்னாங்க. கோபம்தான் இன்னும் முழுசா ஆறல.”

அன்று அவள் தலையை நன்றாகத் துவட்டிவிட்டுப் படுத்தாள். பிறகென்ன, அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற வாரம் ஒரு பொய்.

வேலை கிடைத்து, வாடகை அறைக்கு அவள் கிளம்பிய அன்று வார்டன் வாசல்வரை கூடவே வந்தாள். இவள் நேரே அம்மா முன்னால் போய் நின்றுவிட்டால்?

“உடனே அம்மாவைப் பாக்கப் போயிடாதே. முதல்ல நான் பேசிடறேன்.”

அவள் பைக்குள்ளிருந்து, கண்ணாடியில் விரிசல் விட்ட பழைய போன் ஒன்றை எடுத்தாள்.

“அம்மாவோட போன்க்கா இது. அவங்க செத்த நாள்லேருந்து என்கிட்டதான் இருக்கு.”

வார்டன் அந்த விரிசலையே பார்த்தாள்.

“உயிரோட இருந்தவரைக்கும் ஒருநாள்கூட சாப்பிட்டியான்னு கேட்டதில்லக்கா.”

அவள் பொத்தானை அழுத்தினாள். திரை மெல்ல ஒளிர்ந்தது.

“இனிமே ஆன்லயே வெச்சிருப்பேன். வெள்ளிக்கிழமை அம்மாவைப் பேசச் சொல்லுங்க.”