கிஷானுக்கு அடுத்த ஆள்

கிஷானை உள்ளே கூப்பிட்டதும், கதவுக்கு மிக நெருக்கமாக இருந்த கதிரையைப் பெற்றீசியா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

கண்டி மழைக்கு ஊதிப்போன கதவு. எப்படி இழுத்துச் சாத்தினாலும் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தே நின்றது.

அவளுடைய வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கையால் அமுக்கிப் பிடித்தாள். உடனே இடது கால் ஆரம்பித்தது.

பரீட்சை ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. முன்பின் கேட்டிராத ஒரு சின்ன மெட்டை, தாளில் எட்டுக் கட்டமாக எழுதியிருக்கும் இசை நோட்டுகளைப் பார்த்தே பாடிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ மட்டும் அவளுக்கு வரவே வராது.

காது விஷயத்தில் அவளை அடிக்க ஆளில்லை. ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிப் பாடுவாள். வீதியில் பஸ் ஹோர்ன் அடித்தால்கூட அது எந்த ஸ்வரம், ‘மி’யா ‘சோ’வா என்று காது சொல்லிவிடும், வேண்டாம் என்றாலும் சொல்லும். நோட்டுகளைக் கண் முன்னால் வைத்தால்தான் எல்லாம் கோழி கிளறிய மண்ணாகத் தெரியும். அவளுடைய கண்ணுக்கும் காதுக்கும் ஏழாம் பொருத்தம்.

மாதா கோயில் பாடகர் குழுவில் இதை யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் சுபாஜினி வாயைத் திறந்ததும், ஒரு மயிரிழை பிந்தி இவளும் திறப்பாள். சுபாஜினி பக்கம் புரட்டினால் இவளும் புரட்டுவாள். நன்றாக வாசிக்கிறாள் என்று பாதரே ஒருமுறை பாராட்டியிருக்கிறார்.

இன்றைக்குச் சுபாஜினி இல்லை. இந்தச் சான்றிதழ் கிடைத்தால் ஜனவரியில் கம்பளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை. கிடைக்காவிட்டால் ஹேவாஹெட்டையில், அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தோட்டத்து வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

காலையிலிருந்து எல்லாருக்கும் ஒரே தாள்தான் என்று முடித்துவிட்டு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உண்மையில் கிஷானுக்கு முன்னால்தான் அவள் பெயர். தலை சுற்றுகிறது என்று சொல்லி அவனை முன்னால் போகச் சொன்னாள். பாவம், நம்பிவிட்டான். கண்ட கண்ட பாட்டையும் கேட்டால் காது குழம்பிவிடும் என்று, அவன் முறை வரும்வரை வெளியே கேட்டடியில் தூறலில் நனைந்துகொண்டு நின்றாள்.

கிஷான் நோட்டுகளைப் பத்திரிகை வாசிப்பதுபோல் வாசிப்பான். பாட்டு வகுப்பில் அவன் பிழைவிட்டு அவள் பார்த்ததே இல்லை.

உள்ளே பியானோவில் ஒரு ‘டோ’ கேட்டது.

பெற்றீசியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எங்கோ ஒரு ஓட்டோ இரைந்துகொண்டு ஏறியது. அதை மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினாள். கிஷான் பாடிய எட்டுக் கட்டமும் கதவிடுக்கு வழியாக வந்து அவளுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டன.

அவன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

“லேசுதான் பெற்றீசியா, பயப்படாம போங்க.”

உள்ளே, கொழும்பிலிருந்து வந்திருந்த பரீட்சகர் அம்மா தாளை நீட்டி, அரை நிமிடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைக் காட்டினார். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் பார்ப்பதுபோல் பாவனையாவது செய்ய வேண்டுமே. கிஷானின் மெட்டை மனதுக்குள் ஓடவிட்டு, கண்ணைத் தாளில் மேயவிட்டாள்.

ஐந்தாவது கட்டத்தில் கண் நின்றுவிட்டது.

கிஷான் அங்கே ‘சோ’விலிருந்து ‘ஃபா’வுக்கு இறங்கியிருந்தான். தாளில் நோட் மேலே ஏறுவதுபோல் இருந்தது, ‘சோ’விலிருந்து ‘லா’வுக்கு.

மறுபடி பார்த்தாள். அப்போதும் ஏறுவதுபோலத்தான் இருந்தது.

கிஷான் சரியா, இவளுடைய கண் சரியா? அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இந்தக் கண் என்றைக்கு ஒழுங்காக ஒன்றைச் சொல்லியிருக்கிறது?

பாடினாள். கிஷான் இறங்கிய இடத்தில் இறங்கினாள். அவன் மூச்செடுத்த இடத்தில் மூச்சும் எடுத்தாள்.

பரீட்சகர் எதையோ எழுதிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். வாயைத் திறந்ததும்தான் யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்தது.

“முந்தி வந்த பெடியன் பாடினதை வடிவாப் பாடினீர், அவன் விட்ட பிழையோட. மார்க்ஸ் அதுக்குத்தான், போட்டாச்சு, இனி மாத்தேலாது. இனிப் பேப்பரில இருக்கிறதை ஒருக்காப் பாடும் பாப்பம்.”

பெற்றீசியாவின் காது மடல்கள் எரிந்தன. குட்டு உடைந்துவிட்டது. கம்பளையும் போய்விட்டது. இனி எதற்குப் பாட வேண்டும், வெளியே ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

ஓடவில்லை. அவன் விட்ட பிழை என்ற சொல் அவளைப் பிடித்து நிறுத்தியது.

கிஷான் பிழை என்றால், கண் சொன்னது சரி. அவளுக்கு வாசிக்கத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து என்றுதான் தெரியவில்லை. தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பியானோ மறுபடி ‘டோ’ கொடுத்தது.

தாளில் விரலை வைத்துப் பாடத் தொடங்கினாள். இரண்டாவது கட்டத்தில் தடுமாறி, பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள். ஐந்தாவதில், தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல், ‘லா’வுக்கு ஏறினாள்.

அந்த ஒரு நோட்டை மட்டும் அவளுக்கு யாரும் பாடிக் காட்டியிருக்கவில்லை.