சப்பாத்தைக் கழற்றிய பொலிஸ்

வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோதே மைமூனாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. மருதமுனையில் பிறந்து நாற்பத்தாறு வருடமாகிறது. வீட்டுக்குள் வர அனுமதி கேட்ட பொலிஸை அவள் கண்டதே இல்லை.

"உள்ளுக்கு வரலாமா அம்மா? நேத்து நீங்க ஸ்டேசனுக்கு வந்து சொன்ன முறைப்பாடு விசயமா வந்திருக்கம். நான் சப் இன்ஸ்பெக்டர் கிருஷாந்தன். இவ கான்ஸ்டபிள் யதுசா."

கேட்காமலே அடையாள அட்டையை வேறு நீட்டினான். நேற்று ஸ்டேசனில் இந்த இரண்டு முகங்களையும் அவள் காணவில்லை.

முந்தாநாள் பட்டப்பகலில் யாரோ பின்னறை ஜன்னல் கம்பியை வளைத்துப் பார்த்திருந்தார்கள். களவு ஒன்றும் போகவில்லை. ஆனால் வருகிற ஞாயிறு மகள் றிஸ்லாவுக்குக் கலியாணம். புருஷன் பதினொரு வருடம் கத்தார் வெயிலில் காய்ந்து சேர்த்த நகை முழுவதும் அலுமாரியில் இருந்தது. போதாததற்கு, பொலிஸ் உடுப்பில் வந்த ஒரு கூட்டம் போன கிழமை பக்கத்து ஊரில் ஒரு வீட்டையே துடைத்துக்கொண்டு போயிருந்தது.

யதுசா எழுதத் தொடங்கினாள். மைமூனா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். தமிழ்! சத்தியமாகத் தமிழேதான்.

எழுதி முடித்து, வரிக்கு வரி வாசித்தும் காட்டினாள். "பிழை இருந்தா சொல்லுங்க அம்மா, வெட்டிட்டு எழுதுறன். விளங்காமக் கையெழுத்து வைக்க வேணாம்."

மைமூனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய வாப்பா, காக்கா, புருஷன் எல்லாரும் ஸ்டேசனில் சிங்களத்தில் எழுதியதற்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டு வந்தவர்கள். இது என்ன புதுப் புதினம்?

"தேத்தண்ணி குடிப்பீங்கதானே?" ஆழம் பார்த்தாள்.

"வேணாம் அம்மா. டியூட்டில இருக்கம்."

அதோடு அவள் முடிவு கட்டிவிட்டாள்.

"நகைநட்டு இருந்தா பேங்க்ல வைங்க அம்மா," என்றான் கிருஷாந்தன். "எங்க வெச்சிருக்கீங்க எண்டு எங்களுக்கும் சொல்ல வேணாம்."

அடேயப்பா, என்ன நடிப்பு!

"அந்த ஜன்னலை ஒருக்காப் பாருங்களன்," என்றாள் மைமூனா. இருவரும் தொப்பி, ஃபைல், கைபேசி எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டுப் பின்னறைக்குள் போனார்கள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்த வளவிலிருந்த தமையன் மசூருக்குக் குரல் பறந்தது.

"காக்கா! ஓடி வாங்க! கள்ளப் பொலிஸ் ரெண்டு பேரைப் புடிச்சி அடைச்சிரிக்கன்!"

"கள்ளப் பொலிஸ் எண்டு எப்படிகா தெரியும்?"

"தமிழ்ல எழுதுறாங்க காக்கா. வாசிச்சும் காட்டுறாங்க. தேத்தண்ணியும் வேணாமாம்."

"தேத்தண்ணியும் வேணாமாமா? அப்ப கள்ளனுகளேதான்!" மசூர் சாரனை மடித்துக் கட்டினார்.

உள்ளே மெல்லக் கதவு தட்டும் சத்தம். "அம்மா, கதவு தவறுதலாப் பூட்டுப்பட்டிட்டுது போல..."

"கேட்டீங்களா? இன்னும் அம்மாவாம்!"

ஸ்டேசனுக்குப் போன் பண்ணினால் நாளைக்குத்தான் வருவார்கள் என்று மசூர் பிரதான வீதிக்கே ஓடினார். நல்ல காலம், ஒழுங்கை முனையிலேயே ஒரு ஜீப் நின்றது. உள்ளே காக்கி உடுப்பில் மூன்று பேர்.

வந்தவர்கள் சப்பாத்தோடு பாயை மிதித்துக்கொண்டு ஏறினார்கள். மீசைக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "மொகத மே? என்ன சத்தம் இங்க?" என்று சிங்களமும் தமிழுமாக உறுமினார். கலியாணத்துக்குச் சுட்டு வைத்த பணியாரத்தில் பாதித் தட்டு காலியானது.

"நீங்க எந்த ஸ்டேசன்?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கிருஷாந்தன் கேட்டான்.

பதிலுக்குக் கதவில் ஓங்கி ஓர் உதை. வீடே அதிர்ந்தது. மைமூனாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

"ஏய், நகை எங்க?"

"அலுமாரியில சேர்."

"பைத்தியமா உனக்கு? இவனுகட கூட்டாளி வெளிய நிப்பான். கொண்டா. ஸ்டேசன்ல வெச்சிருக்கன், பின்னேரம் வந்து எடு. இவனுகள ஏத்த வேற வாகனம் வரும். அது வரைக்கும் கதவு தொறந்தா, உன்னையும் உள்ள போடுவன்!"

"குடுக்க வேணாம் அம்மா!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து வந்த கூச்சலைக் காதில் போடாமல், மைமூனா நகைப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள். றிஸ்லா உம்மாவின் காதோரம் முணுமுணுத்தாள்: "ரசீது ஏதும் கேளுங்களன், உம்மா."

"வாயப் பொத்து புள்ள! பொலிஸுக்கிட்டப் போய் ரசீதா கேக்குற?"

மீசைக்காரர் சிங்களத்தில் நாலு வரி கிறுக்கித் தாளை நீட்டினார். என்ன எழுதினார் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பரம்பரைப் பழக்கத்தில், விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. மசூர் அது மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுதான்கா பொலிஸ். கண்ட உடனே நமக்கு ஒரு நடுக்கம் வரணும்."

"ஓம் காக்கா. எனக்கு இன்னும் கை நடுங்குது," என்றாள் மைமூனா நிம்மதியாக. அப்போது அவளுடைய கைபேசி அடித்தது.

"மைமூனா அம்மாவா? நான் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி கதைக்கிறன். இப்ப புது ஒழுங்கு ஒண்டு வந்திருக்கு, கட்டாயம் கேட்டு எழுத வேணும்: நாங்க உங்கட வீட்டுக்கு அனுப்பின கிருஷாந்தனும் யதுசாவும் உங்களோட மரியாதையா நடந்தாங்களா?"