மகனின் இலை

ராஜபாளையத்துக் கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கிறது. பக்கத்தில் என் மகன் வேல்பாண்டி. உடம்பு இளைக்க மதுரையில் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்து இன்றோடு நாற்பது நாள். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்கிறான். அந்த டாக்டர் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை கிடையாது. நல்ல வயிற்றில் எவனாவது கத்தி வைப்பானா? பழைய சட்டை அவன் தோளில் கொடித்துணியாகத் தொங்குகிறது. நாலு வாய் ரசச் சோறு உள்ளே போயிருக்கிறது. இன்னொரு வாய் போனால் அம்புட்டும் வெளியே வந்துவிடும். நெற்றியில் வேர்வை பூக்கிறது. சோற்று வாளியோடு வந்து நிற்கிறான் என் மச்சினன் கண்ணுச்சாமி. "ஏலே மருமவனே, மூணு ஆள் சோறு திங்கவன் கோழி கணக்கா கொத்துதியே! பொண்டாட்டி திங்க விடலையா?" கரண்டி நிறையச் சோறு இலைக்கு மேலே நிற்கிறது. எதிர்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. போதும் என்று இலையை மறிக்க வேல்பாண்டிக்குக் கை எழும்பவில்லை. இந்த எழுபது வயதுவரை இன்னொருத்தர் எச்சில் இலையை நான் தொட்டதில்லை. அவன் இலையை என் பக்கம் இழுக்கிறேன். "எனக்குத்தான் பசி அடங்கல மாப்ள. இதுல போடு." "அத்தான் வயித்தப் பாருங்கப்பா!" என்கிறான் கண்ணுச்சாமி. பந்தியே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. மகன் பிசைந்து வைத்த சோற்றை அள்ளி வாயில் போடுகிறேன்.